சித்திரை வெயிலில் தீம் பார்க்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

கேள்வி: நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். மூத்த மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு, கடைசி மகனுக்குப் பத்து மாதம். வருகிற சித்திரை விடுமுறைக்குக் கணவரின் அண்ணா குடும்பம் ரொறன்ரோவில் இருந்து சென்னைக்கு வருகிறது. நாங்களும் பலாலியில் இருந்து பிளேன் ஏறிப் போய் அவர்களோடு ஒரு வாரம் நிற்கப் போகிறோம். அவர்கள் வந்திறங்கிய மறுநாளே எல்லாரும் தீம் பார்க் போவதாக ஏற்பாடு. காலையில் திறக்கும்போது உள்ளே போய், மாலையில் மூடும்போது வெளியே வருவதாம். அவர்களுக்கும் ஐந்து, ஒன்பது வயதில் பிள்ளைகள். பிரஷருக்குக் குளிசை எடுக்கும் மாமியும் வருகிறார். சென்ற வருடம் நல்லூர்த் தேரன்று என் மூத்தவன் வெயிலில் சத்தி எடுத்து மயங்கிவிட்டான். அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. கணவரோ, "யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சென்னை வெயில் என்ன செய்யும்?" என்கிறார். போகலாமா டொக்டர்? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு தாய், கோண்டாவில்

குழந்தை நல மருத்துவரின் பதில்:

தங்கச்சி, போங்கள். பிள்ளைகள் பெரியப்பாவின் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடக் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம்தான். அதைப் பயத்தில் விட்டுவிட வேண்டாம். ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டத்தில் மூன்று விஷயங்களை மாற்றுங்கள். பூங்காவுக்குப் போகும் நாளைப் பயணத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முழு நாளை அரை நாளாக்குங்கள். கைக்குழந்தையையும் மாமியையும் வீட்டிலோ ஹோட்டலிலோ விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வெயிலுக்கு உடம்பு பழகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகவே வெளியேறும். ஆனால் இந்தப் பழக்கம் பிறந்த ஊரால் வருவதில்லை, கடைசி ஒன்றிரண்டு வாரம் உடம்பு எந்த வெயிலில் நின்றது என்பதால் வருவது. வகுப்பறை, ரியூசன், ரிவி முன்னால் மாலை என்று இருக்கிற பிள்ளைக்கு அது அவ்வளவாக இருக்காது. அதோடு, எவ்வளவு பழகினாலும் தண்ணீர் குறைந்தால் குறைந்ததுதான். உங்கள் மூத்தவன் தேரன்று மயங்கியதே அதற்குச் சாட்சி. ஒரு தடவை வெயிலில் விழுந்த பிள்ளையை அடுத்த தடவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் பிள்ளைகளைவிட எனக்குக் கூடக் கவலை அந்த ரொறன்ரோப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பற்றித்தான். சித்திரை மாதத்தில் அங்கே இன்னும் குளிர். ஜக்கெற் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், நீண்ட விமானப் பயணம் முடித்து, தூக்கமும் சாப்பாடும் குழம்பிய உடம்போடு, மறுநாளே சென்னை வெயிலில் வரிசையில் நிற்கப் போகிறார்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். அதில் பெரும்பங்கு முதல் ஒரு வாரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே முதல் நாட்களில் மாலை நேரத்தில் கடற்கரை, கோயில், கடை என்று திரியுங்கள். பூங்காவை ஐந்தாம் ஆறாம் நாளுக்கு வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை. ஆனால் நான் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது.

நாள் குறிக்கும்போது புத்தாண்டு வருகிற ஏப்ரல் 14-ஐத் தவிர்த்துவிடுங்கள். அன்று தமிழ்நாட்டிலும் அரச விடுமுறை, சனம் அலைமோதும். சனி, ஞாயிறும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை பெரும்பாலும் அந்த மாதக் கடைசியில்தான் முழுதாகத் தொடங்குவதால், அதற்கு முந்திய ஒரு செவ்வாயோ புதனோ உங்களுக்கு வசதி. சனம் குறைந்தால் வரிசை குறையும். வெயிலில் பிள்ளைகள் வாடுவது ராட்டினத்தில் ஏறும்போது இல்லை, அதற்கு முன் முக்கால் மணி நேரம் நிற்கிறார்களே, அங்கேதான். கொங்கிரீட் நிலம் கீழே இருந்து சுடும், மேலே தகரக் கூரை, சுற்றிவரப் பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே காற்றே வராத ஒரு இடைவெளி. உங்கள் நாலு வயது மகளின் மூக்கு இருக்கிற உயரத்தில் நீங்கள் ஒரு நிமிடம் குந்திப் பாருங்கள், விளங்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் சீக்கிரம் சூடேறுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். வெளிச் சூடு உடம்பைவிடக் கூடினால் அந்தத் தோல் வழியாகவே சூடு உள்ளே வரும். ஓடி விளையாடும்போது ஒரு கிலோ எடைக்கு அவர்கள் உண்டாக்கும் சூடும் அதிகம், வியர்ப்பதோ குறைவு. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரியே கடலோர ஊர். காற்றில் ஈரம் கூட, வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. அதோடு ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும், பத்து நாள் போலக் கழித்துச் சென்னைக்கும் அப்படியே. நடுப்பகலில் சுவருக்கு நிழலே இராது, மரத்தின் நிழலும் அதன் அடியோடு ஒடுங்கிவிடும்.

அதனால்தான் அரை நாள் என்கிறேன். கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் மிகவும் ஆசைப்படுகிற ஒன்றிரண்டை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பிறகு குளிரூட்டிய காட்சி அரங்கு, சாப்பாடு, பகல் ஒரு மணிக்கு முன் வெளியே. இல்லாவிட்டால் மூன்றரை மணிக்குப் பிறகு உள்ளே போய் மூடும்வரை நில்லுங்கள். ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்பப் போகலாமா என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய டிக்கெட், பாதியில் போவதா?" என்று யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அந்தக் காசு போனது போனதுதான். அதை மீட்பதற்காகச் சோர்ந்த பிள்ளையை இன்னும் மூன்று மணி நேரம் வெயிலில் இழுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

கைக்குழந்தைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கூட்டிப் போக வேண்டியே வந்தால், தள்ளுவண்டிக்கு மேலே துணியைப் போட்டு மூடாதீர்கள். நிழல் கொடுக்கிறோம் என்று நினைத்து எல்லாரும் செய்வது இது, ஆனால் காற்று அடைபட்டு உள்ளே அடுப்பு மாதிரிச் சூடேறும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பத்து மாதம் என்பதால் இடையில் கொதித்தாறிய நீரும் கொடுக்கலாம். பம்பஸ் ஆறு மணி நேரமாக நனையாமல் இருந்தால் உடம்பில் தண்ணீர் போதாது என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். பிள்ளை தூங்குகிறது என்று வானுக்குள் விட்டுவிட்டு "ஐந்து நிமிடம்" என்று யாரும் இறங்கக் கூடாது. வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்துப் பாகை செல்சியஸ் கூடிவிடும். யன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டாலும் பெரிய வித்தியாசம் வராது.

மாமியின் பிரஷர்க் குளிசைகளில் சிறுநீர் போக வைக்கும் வகை ஒன்று இருக்கிறதா என்று அவருடைய டொக்டரிடம் போவதற்கு முன் கேளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்தும் முக்கியம். பிளேனில் சத்தி வரக்கூடாது என்றும், மூக்கு ஓடுகிறது என்றும் தூக்கம் வரவைக்கும் சிரப் கொடுக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்த வகை மருந்துகளில் பல வியர்வையைக் குறைப்பவை. பூங்காவுக்குப் போகிற நாளில் அவை வேண்டாம். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருக்கிற பிள்ளை அன்று போகவே கூடாது.

இனித் தண்ணீர். பிள்ளை தாகம் என்று கேட்கும்வரை காத்திராதீர்கள். விளையாட்டுப் புளுகத்தில் அவர்களுக்குத் தாகமே தெரியாது. இருபது நிமிடம், அரை மணிக்கு ஒருமுறை நீங்களாகவே போத்தலை நீட்டி நாலு மிடறு குடிக்க வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் போத்தல் இருந்தால் யார் எவ்வளவு குடித்தார் என்று தெரியும். வெறும் தண்ணீரும், கூடவே உப்புச் சேர்ந்த ஒரு தின்பண்டமும் போதும். மோர், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், இளநீர், வத்தகப்பழம் எல்லாம் நல்லவை. சோடாவும் பைக்கற் ஜூஸும் வேண்டாம். எங்கள் ஊர் நெல்லிக்கிரஷ் கொண்டுபோனால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று மூத்தவனிடமே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் இப்படியான பொறுப்பை விருப்பத்தோடு செய்வார்கள்.

நிறைய வியர்த்துவிட்டாலோ, சத்தி எடுத்தாலோ ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள் (ஓ.ஆர்.எஸ்.). இங்கே ஒரு பிழையை நான் கிளினிக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜீவனிப் பைக்கற் ஒன்று ஒரு லீற்றர் தண்ணீருக்கானது. கையில் இருப்பது 500 மில்லிலீற்றர்ப் போத்தல். தாய் முழுப் பைக்கற்றையும் அதற்குள் கொட்டிக் குலுக்கிக் கொடுத்துவிடுவார். அப்போது உப்பின் அளவு இரண்டு மடங்காகிவிடும், அது தண்ணீர் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து. பாதிப் பைக்கற்றைக் கண்ணளவில் போடுவதும் சரி வராது. ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இந்தியாவில் வாங்கினால் 200 மில்லிலீற்றருக்கான சின்னப் பைக்கற்றும் கிடைக்கும், ஆகவே அதில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கரையுங்கள். அங்கே பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் சிலவற்றில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி விற்றார்கள். 2025 ஒக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று தடுத்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அளவு என்று குறித்திருக்கும் தூளையே வாங்குங்கள்.

உடுப்பு இளநிறப் பருத்தி, கையைச் சற்று மூடுகிற மாதிரி. விளிம்பு அகலமான தொப்பி. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு மணிக்கு ஒருமுறையும் தண்ணீரில் இருந்து ஏறிய பிறகும் திரும்பப் பூச வேண்டும். "எங்கள் தோலுக்கு இது எதற்கு?" என்பார்கள். கறுத்த தோலும் வெயிலில் எரியும். சறுக்கிலும் இரும்புக் கம்பியிலும் பிள்ளையை விடுமுன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், வெறும் காலோடு நடக்க விடாதீர்கள்.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். தேரன்று நடந்தது திரும்பினால் என்ன செய்வது? வெயில் பிள்ளையைப் பிடிக்கத் தொடங்கும்போது முதலில் தெரிவது குணத்தில். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிணுங்கும், ஒன்றும் வேண்டாம் என்னும், ராட்டினத்துக்குக்கூட வர மறுக்கும். நாங்கள் அதைக் "குழப்படி" என்று பேசிவிடுகிறோம். பிறகு தலையிடி, வயிற்றைப் புரட்டல், முகம் வெளிறல், கால் பிடிப்பு. இந்தக் கட்டத்தில் நிழலுக்கோ குளிரூட்டிய இடத்துக்கோ கொண்டுபோய்ப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத் துவாயால் துடைத்து விசிறி, சின்னச் சின்ன மிடறாகக் குடிக்கக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்தாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. நேரே வீட்டுக்குப் போங்கள்.

பேச்சுக் குழறினால், உங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழும்பாவிட்டால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்றில்லை, வியர்வையோடும் வரும். ஒருவர் அம்புலன்ஸை அழைக்க, மற்றவர் அந்த நிமிடத்திலேயே குளிர்த்தத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, எங்கள் நாட்டில் 1990. உடுப்பைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கு மூன்றிலும் வையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. பனடோல் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் இல்லை, பனடோலால் இறங்காது. நினைவில்லாத பிள்ளையின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். இவ்வளவையும் உங்கள் கணவரும் அவருடைய அண்ணாவும் வாசிக்க வேண்டும், நீங்கள் மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது.

தண்ணீர் விளையாட்டில் சில வார்த்தை. மூத்தவனுக்குக் கீரிமலைக் கேணியில் நீந்தத் தெரிந்திருக்கலாம். அலைக் குளம் வேறு. நூறு பேருக்கு நடுவே ஒரு தலை அமிழ்ந்தால் தெரியாது. மூழ்குகிற பிள்ளை கையைக் காட்டிக் கத்தாது, சத்தமில்லாமலே அடங்கிவிடும். மகளுக்குக் கணுக்கால் ஆழம் போதும், உங்கள் கை எட்டும் தூரத்தில். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான்தான், அதை நம்பி விடாதீர்கள். பெரியவர்கள் நாலு பேர் கரையில் இருப்பதுதான் உண்மையில் பயமான நிலைமை, ஒருவர் பார்க்கிறார் என்று மற்றவர் நினைப்பார். கால் மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அவர் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, "இப்ப நான் பார்க்கிறன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பேற்கட்டும். குளத்துத் தண்ணீரை விழுங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். குளோரினுக்கும் சாகாத வயிற்றோட்டக் கிருமி உண்டு.

சறுக்கில் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். அன்பாகச் செய்வதுதான், ஆனால் கால் முறிந்து வருகிற சின்னப் பிள்ளைகளில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். பிள்ளையின் சப்பாத்து சறுக்கின் ஓரத்தில் ஒட்டி நிற்கும், தகப்பனின் முழுப் பாரமும் கீழே போய்க்கொண்டிருக்கும், நடுவில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறுகிவிடும். தனியே சறுக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சறுக்கு வேண்டாம்.

ராட்டினங்களில் ஏற்றுவது வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. நாலு வயதில் 100 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டியும், ஏழு வயதில் 120 அளவிலும் இருப்பார்கள். வீட்டில் சுவரில் அளந்து, பூங்காவின் பட்டியலோடு ஒப்பிட்டு, "இதிலே நீ ஏறலாம், அதிலே அடுத்த முறை" என்று முதல் நாளே மகளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்ற பிறகு கம்பத்தடியில் திருப்பி அனுப்பினால் அவள் அழத்தான் செய்வாள்.

பிள்ளை தவறிவிட்டால்? நல்லூரில் என்றால் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னதும் அரை வீதிக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அங்கே அப்படி இல்லை. காலையில் புறப்படும்போது அன்றைய உடுப்போடு ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுத்து வையுங்கள். முன்கையில் பேனாவால் ஒரு இலக்கம் எழுதி, தண்ணீர் படாமல் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அந்த இலக்கம் அங்கே வேலை செய்கிற இந்திய இலக்கமாக இருக்க வேண்டும், உங்கள் ஊர் சிம் அங்கே அடிக்குமா என்று முதலே பாருங்கள். அப்பா பெயர் என்ன என்று கேட்டால் "அப்பா" என்று சொல்கிற வயது மகளுக்கு. இந்த இரண்டு கிழமையில் உங்கள் இருவரின் முழுப் பெயரையும் பாடமாக்கி விடுங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை போட்டவரிடமோ பிள்ளைகளோடு நிற்கிற ஒரு அம்மாவிடமோ சொல்லவும் பழக்குங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. காலையில் கட்டிய ரோல்ஸையும் பற்றிஸையும் பகல் வெயிலில் கொடுக்காதீர்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத பூங்காக்கள் உண்டு, கைக்குழந்தையின் உணவுக்கும் தண்ணீருக்கும் விலக்கு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். உள்ளே வாங்குவதானால் கண்முன்னே சூடாகச் செய்து தருவதை வாங்குங்கள். வெட்டி வைத்த பழமும், ஐஸ் போட்ட ஜூஸும் தவிருங்கள்.

திரும்பி வந்த பிறகு குளிக்க வார்த்து, நன்றாகக் குடிக்கக் கொடுத்துத் தூங்க விடுங்கள். வேர்க்குரு இரண்டொரு நாளில் அடங்கும், பவுடரை அப்ப வேண்டாம். காதைத் தொட்டால் வலி என்றாலோ, தொடர்ந்து சத்தி எடுத்தாலோ, மறுநாளும் சோர்ந்தே கிடந்தாலோ அங்கேயே ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.

கணவரின் அண்ணாவிடம் நாளை மாற்றச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும். அவர் ஆசையாக ஏற்பாடு செய்ததை மாற்றச் சொல்வது மருமகளுக்கு லேசான காரியம் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளைச் சொல்லாமல் அவருடைய பிள்ளைகளைச் சொல்லித் தொடங்குங்கள். ரொறன்ரோவில் இருந்து வருகிற இரண்டு பேரும் வெயிலுக்குப் பழக நாலைந்து நாள் வேண்டும் என்று டொக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். டிக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே அவரோடு கதைத்துவிடுங்கள், எடுத்துவிட்டார் என்றால் திகதி மாற்ற முடியுமா என்று பூங்காவிடம் கேட்கச் சொல்லுங்கள்.